பள்ளியில் தினமும் பிளெட்ஜ்: சொல்லாமல் இருக்கலாமா, எழுந்து நிற்கவாவது வேண்டுமா?

ஓட்டுவீடு கேட்டது:

டெக்சாஸ் அரசுப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. காலையில் மணி அடித்ததும் ஒலிபெருக்கியில் அமெரிக்கக் கொடிக்கு ஒரு பிளெட்ஜ் (விசுவாச உறுதிமொழி), அடுத்து டெக்சாஸ் கொடிக்கு ஒரு பிளெட்ஜ், அதன் பிறகு ஒரு நிமிட மௌனம். ஒரு நாள் விடாமல் நடக்கிறது. பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை, எச்-4 விசா (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது). "வேற நாட்டுக் கொடிக்கு விசுவாசமா இருப்பேன்னு நான் ஏன் சொல்லணும்?" என்று கேட்கிறாள்.

சட்டப்படி இது கட்டாயமா? வாய் திறக்காவிட்டாலும் எழுந்து நிற்கவாவது வேண்டுமா? தெரியாமல் இத்தனை நாள் சொல்லிவிட்டதால் குடியுரிமைக்கோ விசாவுக்கோ சிக்கல் வருமா? பெற்றோர் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள் சிலர், தேவையே இல்லை என்கிறார்கள் சிலர். வாட்ஸ்அப் ஃபார்வர்டாக இல்லாமல் சட்டப் பிரிவு, வழக்கு விவரத்தோடு யாராவது சொன்னால் உபயோகமாக இருக்கும்.

நூல்கண்டு:

விசா பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஒன்றும் ஆகாது. குடியுரிமை வாங்கும்போது எடுக்கும் சத்தியப்பிரமாணம் வேறு. அது அதிகாரப்பூர்வமான சடங்கு, பழைய நாட்டு விசுவாசத்தைத் துறக்கிறேன் என்ற வாசகமே அதில் வரும். பிளெட்ஜில் அப்படி எதுவும் இல்லை. இந்தியப் பக்கம் பார்த்தாலும், 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரைப் பற்றித்தான் பேசுகிறது. வகுப்பில் 31 சொல் ஒப்பித்ததைப் பற்றி அல்ல.

இனி கட்டாயமா என்பது. இதில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிளெட்ஜுக்கு நேரம் ஒதுக்கி நடத்த வேண்டியது பள்ளிக்குக் கட்டாயம். பெரும்பாலான மாநிலங்களில் அப்படிச் சட்டம் உண்டு. சொல்ல வேண்டியது பிள்ளைக்குக் கட்டாயம் இல்லை. பார்னெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943 ஜூன் 14 அன்று 6-3 என்று தீர்ப்புச் சொல்லி இதை முடித்துவிட்டது. அந்தத் தேதி அங்கே கொடி நாள் என்பது கூடுதல் ருசி.

அதற்கு முன்பு நிலைமை நேர் எதிர். 1940-இல் கோபைட்டிஸ் வழக்கில் இதே நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில், பள்ளி கட்டாயப்படுத்தலாம் என்றது. பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற ஊர், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், கொடிக்கு வணக்கம் செய்வது சிலை வணக்கத்துக்குச் சமம் என்று மறுத்த பிள்ளைகள். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு மேற்கு வர்ஜீனியா கல்வி வாரியம் 1942 ஜனவரியில் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியது. வணக்கம் செய்யாத பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்குவார்கள். நீக்கியதால் வராத பிள்ளையை "சட்டவிரோதமாக வரவில்லை" என்று எழுதுவார்கள். அதற்காகப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. நீங்களே வெளியே தள்ளிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கிற கதை. மூன்றே ஆண்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப் போட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று: பார்னெட் தீர்ப்பு மத விலக்கு அல்ல. எந்தக் கருத்தையும் அரசு ஒருவர் வாயால் சொல்லவைக்கக் கூடாது என்ற பேச்சுரிமைத் தீர்ப்பு. அதனால் "உங்கள் மதம் என்ன, எந்தக் காரணத்துக்காக மறுக்கிறீர்கள்" என்று பள்ளி கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. மதம், கொள்கை, வேறு நாட்டுக் குடியுரிமை, வெறுமனே விருப்பமின்மை எல்லாம் ஒன்றுதான். இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும் என்றும் கிடையாது.

எழுந்து நிற்பது: நிற்பதும் சடங்கின் பகுதிதான், அதையும் கட்டாயப்படுத்த முடியாது என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அந்த நீதிமன்றங்களைச் சர்க்யூட் என்பார்கள், ஒவ்வொன்றும் சில மாநிலங்களுக்குப் பொறுப்பு: நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் சர்க்யூட் 1973-இல், நியூ ஜெர்சி வழக்கில் மூன்றாம் சர்க்யூட் 1978-இல், புளோரிடா வழக்கில் பதினொன்றாம் சர்க்யூட் 2008-இல். நியூ ஜெர்சி சட்டப் புத்தகத்தைத் திறந்தால் "சொல்லாதவர்கள் எழுந்து நின்று மரியாதை காட்ட வேண்டும்" என்ற வரி இன்னும் கண்ணில் படும். 1978-லேயே செல்லாது என்றான வரி அது. பள்ளி அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து நீட்டினால் ஏமாந்துவிட வேண்டாம்.

கரிச்சான்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேட்டவர் இருப்பது டெக்சாஸில், அங்கே கொஞ்சம் முடிச்சு இருக்கு.

டெக்சாஸ் கல்விச் சட்டம் 25.082. ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் நாளுக்கு ஒருமுறை மாணவர்கள் இரண்டு பிளெட்ஜும் சொல்ல வேண்டும், தொடர்ந்து ஒரு நிமிடம் மௌனம். பெற்றோரோ கார்டியனோ எழுத்தில் கேட்டால் பிளெட்ஜ் சொல்வதிலிருந்து மாணவருக்கு விலக்கு கொடுத்தே ஆக வேண்டும். காரணம் எழுத வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. மறுக்கும் அதிகாரமும் பள்ளிக்கு இல்லை. அரசு நிதியில் ஓடும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இதே விதிதான்.

அப்போ கடிதம் இல்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாமா? இங்கதான் இழுபறி. புளோரிடாவின் இதே மாதிரி விதியை, பெற்றோரின் உரிமை என்ற காரணம் காட்டி 2008-இல் பதினொன்றாம் சர்க்யூட் ஏற்றுக்கொண்டது (ஃப்ரேஷர் வழக்கு, நிற்கும் கட்டாயத்தைத்தான் செல்லாது என்றது). டெக்சாஸ் ஐந்தாம் சர்க்யூட்டுக்குக் கீழ் வருது, அதனால அந்தத் தீர்ப்பு டெக்சாஸைக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் இந்தப் புள்ளியைத் தொடவில்லை. 2018-இல் ஒரு மாணவியின் வழக்கில் மாநில அட்டர்னி ஜெனரலே நுழைந்து கடித விதியை ஆதரித்தார். அது தீர்ப்புக்கு வராமல் சமரசத்தில் முடிந்தது. ஆகவே "தேவையே இல்லை"னு சொல்றவங்க கொள்கை பேசுறாங்க. பிள்ளை தினமும் வகுப்புக்குப் போகணும், வழக்குக்குப் போகக் கூடாது. நாலு வரி எழுதிக் கொடுத்துடுங்க.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பெயர், வகுப்பு, கல்வியாண்டு. "டெக்சாஸ் கல்விச் சட்டம் 25.082-இன்படி, அமெரிக்கக் கொடி பிளெட்ஜ், டெக்சாஸ் கொடி பிளெட்ஜ் இரண்டையும் சொல்வதிலிருந்து விலக்கு கேட்கிறேன்" என்ற ஒரு வாக்கியம். "அவள் அமைதியாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பாள்" என்று இன்னொரு வாக்கியம். தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். இரண்டு பிளெட்ஜையும் பெயர் சொல்லிக் குறிப்பிடணும். ஒன்றை விட்டுட்டா "டெக்சாஸ் கொடிக்குச் சொல்லலாமே"ன்னு கேட்பாங்க. காரணம் எழுதாதீங்க; எழுதினா பேச்சுவார்த்தை ஆரம்பிக்கும்.

உட்காருவதைத் தனியா எழுதச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. டெக்சாஸ் சட்டம் "சொல்வதிலிருந்து விலக்கு" என்று மட்டும்தான் சொல்லுது, நிற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடைவெளியைப் பிடிச்சுக்கிட்டு "சொல்ல வேண்டாம், ஆனா நில்லு"ங்கிற ஆசிரியர்கள் உண்டு. புளோரிடா இதுல தெளிவு: கடிதம் கொடுத்தா நிற்பது, நெஞ்சில் கை வைப்பது இரண்டிலிருந்தும் விலக்கு என்று சட்டத்திலேயே இருக்கு. சொல்லாமல் இருக்கும் உரிமையை மாணவர் கையேட்டிலோ அது மாதிரி வெளியீட்டிலோ எழுதித் தெரிவிக்கவும் வேண்டும் அங்கே.

பிரின்சிபாலுக்கு மின்னஞ்சல், ஹோம்ரூம் ஆசிரியருக்கு (வகுப்பாசிரியருக்கு) நகல். கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் வாங்கிக்கோங்க. கடிதம் அலுவலக ஃபைலில் தூங்கி, வகுப்புக்குப் போய்ச் சேராமல் போவதுதான் வழக்கமான கோளாறு. ஹோம்ரூம் ஆசிரியருக்குத் தெரியும். அவர் லீவு போடுற நாளில் வர்ற சப்ஸ்டிட்யூட்டுக்குத் தெரியாது. தகராறு வெடிப்பது பெரும்பாலும் அன்னிக்குத்தான். "சப்ஸ்டிட்யூட் ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு வையுங்க"ன்னு மின்னஞ்சல்லயே கேட்டுடுங்க. புதுக் கல்வியாண்டு, பள்ளி மாற்றம், எலிமென்டரியிலிருந்து மிடில் ஸ்கூல் போவது என ஒவ்வொன்றுக்கும் புதுக் கடிதம்.

மௌன நிமிடத்துக்கு விலக்கு கேட்க வேண்டாம், அர்த்தமில்லை. அந்த நேரத்தில் யோசிக்கலாம், வேண்டிக்கொள்ளலாம், தியானம் பண்ணலாம், பக்கத்துப் பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லாத வேறு எதுவும் சத்தமில்லாமல் செய்யலாம் என்று சட்டமே சொல்லுது. வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்.

மூணாம்பக்கம்:

எதிர்க்கட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே. பதினைந்து நொடி விஷயம். வந்த நாட்டில் அவர்கள் வழக்கத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? மொழி பழகாத சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்போடு ஒன்றாய்ச் சேர்ந்து சொல்ல ஒரு வாசகம் கிடைப்பதே பெரிய விஷயம். உரிமை இருக்கிறது என்பதற்காகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றில்லை.

ஆனால் இதை ஆதிகாலத்துப் புனித மந்திரம் மாதிரி பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. 1892-இல் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் போதகர் எழுதியது. "யூத்ஸ் கம்பேனியன்" என்ற சிறுவர் பத்திரிகையில் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது, கொலம்பஸ் வந்த 400-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக. பள்ளிக்கூடங்களுக்குக் கொடி விற்கும் இயக்கத்தையும் அதே பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தது! முதல் வாசகத்தில் "என் கொடி" என்றுதான் இருந்தது. எந்த நாட்டின் கொடி என்ற பேச்சே இல்லை. குடியேறி வந்தவர்கள் மனதுக்குள் சொந்த ஊர்க் கொடியை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுவார்களோ என்ற கவலையில்தான் 1923-இல் "அமெரிக்க ஐக்கிய நாடுகளின்" என்பதற்கான சொற்கள் ஏறத் தொடங்கின. ஓட்டுவீட்டின் மகள் கேட்ட கேள்வி அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "அண்டர் காட்" (கடவுளின் கீழ்) என்ற சொற்கள் சேர்ந்தது 1954-இல், கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் காலத்தில். டெக்சாஸ் பிளெட்ஜில் அதே சொற்கள் நுழைந்தது 2007-இல்தான்.

கை வைக்கும் முறையும் மாறியதுதான். ஆரம்பத்தில் கொடியை நோக்கிக் கையை நீட்டுவார்கள். ஹிட்லர் ஆட்களின் வணக்கம் மாதிரியே இருந்ததால் 1942 டிசம்பரில் அதை எடுத்துவிட்டு, நெஞ்சில் வலது கை என்று ஆக்கினார்கள்.

சாக்பீஸ்தூள்:

ஆசிரியர் பக்கத்திலிருந்து. இதைப் படிக்கிறவர்களில் சப்ஸ்டிட்யூட்டாகவும் எய்டாகவும் (வகுப்பு உதவியாளராகவும்) பள்ளிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறைய இருப்பார்கள்.

ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் செய்ய வேண்டியது: ஒன்றும் செய்யக் கூடாது. "ஏன் நிக்கல?" என்று வகுப்பு முன்னால் கேட்பதே தவறு. வெளியே வராண்டாவில் போய் நிற்கச் சொல்வது தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். கடிதம் இல்லை என்று தெரிந்தாலும் அந்த நொடியில் மல்லுக்கு நிற்காமல் பிறகு அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு நகர்வதே புத்திசாலித்தனம். பக்கத்துப் பிள்ளைகள் கிண்டல் செய்தால் அதை அடக்குவது ஆசிரியர் வேலை. அதே சமயம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பேசினாலோ, மேசையைத் தட்டினாலோ, கைபேசியில் சத்தம் வைத்தாலோ அது சாதாரண வகுப்பு ஒழுங்குப் பிரச்சினை. அதற்குக் கண்டிக்கலாம். சொல்லாமல் இருப்பதற்குத்தான் பாதுகாப்பு, இடைஞ்சல் செய்வதற்கு இல்லை.

இதைக் கோட்டை விட்டால் என்ன ஆகும்? அலபாமாவில் பிளெட்ஜ் நேரத்தில் சத்தமில்லாமல் முஷ்டியை உயர்த்தி நின்ற ஒரு மாணவனைப் பிரம்படி மாதிரியான பலகை அடி கொடுத்துத் தண்டித்தார்கள். 2004-இல் பதினொன்றாம் சர்க்யூட், ஆசிரியருக்கும் பிரின்சிபாலுக்கும் அரசு ஊழியர் என்ற சட்டக் காப்பு கிடையாது என்றது. அதாவது அவர்கள் மேல் தனிப்பட்ட முறையில் வழக்கு நடக்கலாம். டெக்சாஸில் ஒரு சமூகவியல் ஆசிரியர் "வாயால் சொல்ல வேண்டாம், பிளெட்ஜ் வாசகத்தைத் தாளில் எழுது" என்று வகுப்புக்கு வேலை கொடுத்து, எழுதாவிட்டால் பூஜ்யம் என்றார். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருப்பார். வழக்கு 2022-இல் 90,000 டாலர் சமரசத்தில் முடிந்தது.

அமெரிக்கக் கொடி விதித்தொகுப்பிலிருந்து ஒரு நடைமுறை விஷயம்: பிளெட்ஜ் நேரத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது மதம் சாராத தொப்பிக்கு மட்டும். தலைப்பாகை, ஹிஜாப், யூதர் குல்லா எதையும் தொடச் சொல்லக் கூடாது. அந்தத் தொகுப்பின் பிளெட்ஜ் பகுதியில் தண்டனை என்று எதுவும் கிடையாது, முறையைச் சொல்வதோடு சரி.

ஆசிரியருக்குச் சொல்லாமல் இருக்க உரிமை உண்டா என்று யாராவது கேட்பார்கள். பிளெட்ஜ் நேரத்தில் மௌனமாக நின்ற நியூயார்க் ஆசிரியரை வேலையை விட்டு எடுத்தது தவறு என்று 1972-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பாடத்திட்டத்திலிருக்கும் தேசபக்திப் பகுதிகளை நடத்தவே மாட்டேன் என்ற சிகாகோ ஆசிரியர் 1979-இல் தோற்றார். நீங்கள் மௌனமாக இருக்கலாம், வகுப்பை நடத்தாமல் இருக்க முடியாது.

மூணாம்பக்கத்துக்கு ஒன்று. "சேர்ந்து சொல்வது" என்கிறீர்களே, சின்ன வகுப்பில் உன்னிப்பாகக் காது கொடுத்துக் கேளுங்கள். "இன்டிவிசிபிள்" என்ற இடத்தில் பாதிப் பேர் "இன்விசிபிள்" என்பார்கள். பிரிக்க முடியாத நாடு, கண்ணுக்குத் தெரியாத நாடாகிவிடும். "ஃபார் விச் இட் ஸ்டாண்ட்ஸ்" என்பது "ஃபார் ரிச்சர்ட் ஸ்டாண்ட்ஸ்" ஆகிவிடும், அந்த ரிச்சர்ட் யார் என்று யாரும் கேட்டதில்லை. தினமும் ஒப்பிக்க வைத்தால் மனப்பாடம் ஆகும், அர்த்தம் தானாக ஏறாது. வருஷத்தில் ஒரு வகுப்பு ஒதுக்கி, விசுவாசம், குடியரசு, பிரிக்க முடியாதது என்று சொல் சொல்லாக உடைத்துப் பேசினால் 180 நாள் ஒப்பித்தலைவிடப் பலன் அதிகம். பேசச் சொல்லிக் கேட்பது பாடம்தான், யாரும் அதைத் தடுக்கவில்லை.

ஓட்டுவீடு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். கடிதம் கொடுத்த பிறகு அவளே ஒரு நாள் சொல்ல ஆசைப்பட்டால்? அப்புறம், இந்தியாவில் நாட்டுப்பண்ணுக்கு இப்படி ஒரு தீர்ப்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். அதிலும் உட்காரலாமா?

நூல்கண்டு:

முதலாவது சுலபம். விலக்கு என்பது தடை இல்லை. சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லட்டும், அடுத்த நாள் உட்காரட்டும். "கடிதம் இருக்கே, நீ சொல்லக் கூடாது" என்று யாரும் சொல்ல முடியாது. தலைகீழ் நிலைமைதான் சிக்கல்: பிள்ளைக்கு விருப்பமில்லை, பெற்றோர் கடிதம் தர மறுக்கிறார்கள். கரிச்சான் சொன்ன இழுபறி முழுக்க அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். பென்சில்வேனியா வேறு வழியில் போய், சொல்லாத பிள்ளையின் பெற்றோருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டது. வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்பதே மிரட்டல் என்று 2004-இல் மூன்றாம் சர்க்யூட் அதைச் செல்லாது என்றது.

இரண்டாவது, பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு, 1986 ஆகஸ்ட் 11. இதிலும் யெகோவாவின் சாட்சிகள் குடும்பம்தான், மூன்று பிள்ளைகள். நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக நின்றதே போதும் என்று அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அமெரிக்காவின் கோபைட்டிஸ், பார்னெட் வழக்குகள் இரண்டையும் அதில் அலசியிருக்கிறார்கள். வித்தியாசத்தைக் கவனியுங்கள்: அந்தப் பிள்ளைகள் நின்றார்கள், ஆகவே உட்காரலாமா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பிஜோ தீர்ப்பைக் காட்டி இந்தியாவில் உட்காருவதும், பார்னெட் தெரியாமல் டெக்சாஸில் "நிற்கவாவது வேண்டும்" என்று நினைப்பதும், இரண்டும் தீர்ப்பை மாற்றிப் படிப்பது.

கரிச்சான்:

ஒரு விடுபட்ட விஷயம், தனியார் பள்ளிக்கு இது எதுவும் பொருந்தாது. அரசியலமைப்பு அரசைத்தான் கட்டும். தனியார் பள்ளியில் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட விதிதான் விதி.

அரசுப் பள்ளியில் கடிதம் கொடுத்த பிறகும் தொல்லை வந்தா: அன்னிக்கே தேதி, நேரம், யார், என்ன வார்த்தை சொன்னாங்கன்னு எழுதி வெச்சுக்கோங்க. முதல்ல பிரின்சிபாலுக்கு மின்னஞ்சல், கடித நகலை இணைச்சு. நிறைய நேரம் அதோட தீர்ந்துடும், ஏன்னா பிரின்சிபாலுக்கு இந்தச் சட்டம் தெரிஞ்சிருக்கும். தீரலைன்னா டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்தும் வட்டார நிர்வாகம்) இணையதளத்தில் கொள்கைப் பக்கத்தைத் திறந்து "எஃப்.என்.ஜி" என்ற குறியீட்டைத் தேடுங்க. டெக்சாஸ் டிஸ்ட்ரிக்ட்களில் பெற்றோர் புகாருக்கான விதி பொதுவா அந்தத் தலைப்பில்தான் இருக்கும். புகார் கொடுக்கக் காலக்கெடு அதிலேயே இருக்கு, அதைத் தவற விட்டா புகாரை எடுத்துக்கவே மாட்டாங்க. அதனால முதல் நாளே அந்தத் தேதியைக் குறிச்சு வெச்சுட்டுப் பேச்சை ஆரம்பிங்க.